பள்ளி அறிவியல் குழுவுக்குத் துணைநிற்கும் கல்லூரி மாணவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றின் மாணவர்கள், குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காகத் தங்கள் ஊர்க் குடிநீரை ஆய்வு செய்துவருகிறார்கள். முதுநிலை வேதியியல் படிக்கும் நாங்கள் சிலர் அவர்களுக்குத் துணைநிற்கிறோம். இதே வேலையில் இறங்க விரும்பும் பிற கல்லூரி மாணவர்களும், எங்களை முதன்முறை சந்திக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை, நிலத்தடி நீரில் கரைந்திருந்து, அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃபுளோரைடு பற்றியவை. எங்கள் மாவட்டத்தில் தண்ணீரைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் பேச்சு அங்கேதான் வந்து நிற்கிறது.

குழந்தைகள் அறிவியல் மாநாடு என்பது என்ன? பள்ளியில் நடக்கும் அறிவியல் கண்காட்சியிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் 1993 முதல் நாடு முழுவதும் நடந்துவரும் நிகழ்வு இது. 10 முதல் 17 வயது வரை உள்ளவர்கள், பள்ளியை விட்டு நின்றுவிட்டவர்கள் உட்பட, இதில் பங்கேற்கலாம். தமிழ்நாட்டில் இதை நீண்ட காலம் ஒருங்கிணைத்து வந்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மையக் கருப்பொருள் அறிவிக்கப்படும். எடுத்துக்காட்டாக, 2022-23 சுற்றின் கருப்பொருள் உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் சூழல்தொகுதியைப் புரிந்துகொள்வது என்பதாகும். அதற்குள் அடங்கும் ஒரு கேள்வியைத் தங்கள் ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டு, சில மாதங்கள் ஆராய்ந்து, ஆய்வறிக்கை எழுதி, மாவட்டம், மாநிலம், தேசம் என்று மூன்று படிகளில் குழுவினர் முன்வைக்க வேண்டும்.

கண்காட்சியில் தெர்மாகோல் எரிமலை புகைந்தால் கைதட்டு கிடைக்கும். எரிமலை ஏன் புகைகிறது என்பது பாடப்புத்தகத்திலேயே இருப்பதால், அதைச் செய்தவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாநாட்டில் அவ்வாறு தப்ப முடியாது. உங்கள் தெருக் குழாயில் என்ன வருகிறது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அளந்தால்தான் தெரியும். ‘இது போட்டி அல்ல, மாநாடு’ என்று மூத்த அறிவியல் இயக்கத்தார் வலியுறுத்துவார்கள். அடுத்த படிக்குச் சிலரே தேர்வாகிறார்கள் என்பதால் பிள்ளைகளுக்கு அது போட்டியாகத்தான் தெரிகிறது. அதை மறைத்துப் பயனில்லை.

பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இருக்கும்போது கல்லூரி மாணவர்கள் எதற்கு?

ஆசிரியருக்கு அறிவு குறைவு என்பதால் நாங்கள் போகவில்லை. அவருக்கு நேரம் குறைவு. ஐந்து வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, அரசு கேட்கும் விவரங்களையெல்லாம் இணையத்தில் பதிவேற்றி முடிக்கும் ஒருவரிடம், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுடன் இருபது ஆழ்துளைக் கிணறுகளுக்கு நடந்து வாருங்கள் என்று கேட்பது நியாயமாகாது. அந்த நடை எங்களால் முடியும்.

எனினும் வழிகாட்டி ஆசிரியர் அவர்தான். படிவத்தில் இருப்பதும் அவர் பெயர்தான். முதல் சந்திப்பிலேயே இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. ஆசிரியருக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் ஒரு வேலையை ஒப்படைப்பதோ, அவர் சொன்னதை அவர்கள் முன்னிலையில் திருத்துவதோ கூடாது. கருத்து வேறுபாடு இருந்தால் ஆசிரியர் அறையில் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

பிள்ளைகள் எங்களை ‘அண்ணா’, ‘அக்கா’ என்றே அழைக்கிறார்கள். முதல் வாரம் ‘சார்’ என்று தொடங்கியவர்களும் இரண்டாவது கிணற்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் மாறிவிட்டார்கள். அந்த மாற்றம் வேலைக்கு உதவுகிறது. சாரிடம் ‘புரியவில்லை’ என்று சொல்லத் தயங்கும் பிள்ளை அக்காவிடம் தயங்குவதில்லை.

குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்? ஆர்வமுள்ளவர்கள் அதிகம் இருந்தால் என்ன செய்வது?

பல ஆண்டுகள் ஐந்து பேர் வரை இருந்த குழு, பின்னர் ஒரு குழுத் தலைவர், ஓர் உறுப்பினர் என இருவராகக் குறைக்கப்பட்டது. விதிகள் அவ்வப்போது மாறுவதால், அந்தந்தச் சுற்றின் அறிவிப்பைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தக் குறைப்பு எங்களுக்கு உவப்பானதல்ல. தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலைக்கு இருவர் போதவே போதாது. அதைவிட முக்கியமாக, எட்டுப் பேர் கைதூக்கிய வகுப்பில் ஆறு பேரைக் கீழிறக்கச் சொல்வது கடினம்.

எங்கள் பள்ளியில் ஒரு வழி கண்டோம். ஒரே பெரிய ஆய்வை நான்கு கேள்விகளாகப் பிரித்து நான்கு குழுக்களாக்கினோம். ஒரு குழு ஆழ்துளைக் கிணறுகளை எடுத்துக்கொண்டது; இன்னொன்று தெருக்குழாய்களை; மூன்றாவது கேன் தண்ணீரை; நான்காவது, வீட்டில் கொதிக்க வைக்கும்போது என்ன ஆகிறது என்பதை. நாட்குறிப்பும் அறிக்கையும் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக இருந்தன. யாருடைய தரவு யாருடையது என்பதில் குழப்பம் வராமல் முதல் நாளிலேயே பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அட்டவணை இரண்டு அறிக்கைகளில் வந்து, மதிப்பீட்டாளர் முன் இருவருமே தலைகுனிய நேரிடும்.

தலைப்பை யார் தேர்ந்தெடுக்க வேண்டும்?

மாணவர்கள். இதில் மாற்றுக் கருத்தே எங்களுக்கு இல்லை. ஆனால் ‘உங்களுக்குப் பிடித்த தலைப்பைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ‘புவி வெப்பமாதல்’ என்றும் ‘நெகிழி ஒழிப்பு’ என்றும்தான் பதில் வரும். மேடைப் பேச்சுப் பழக்கம் அப்படி. ஆகவே வகுப்பறையில் தலைப்புக் கேட்பதை விட்டுவிட்டு, ஊரை ஒரு முறை சுற்றி வாருங்கள். ‘உங்கள் வீட்டில் குடிக்க ஒரு தண்ணீர், சமைக்க ஒரு தண்ணீர் என்று தனித்தனியாக இருக்கிறதா, ஏன்?’ என்று நாங்கள் கேட்டபோது, ஒரு பெண் பிள்ளை, ‘போர் தண்ணி குடிச்சா பல்லு கறையாகிடும்னு ஆயா சொல்லும்’ என்றாள். ஆயா சொன்னது உண்மையா, எந்தப் போர், எவ்வளவு என்று மூன்று கேள்விகள் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தன. அந்த ஆண்டின் ஆய்வு அதுதான்.

ஃபுளோரைடைப் பற்றி மாணவர்களுக்கு எந்த அளவுக்குச் சொல்லித்தர வேண்டும்?

அளப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை குறைவுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளின் அடியில் இருப்பவை கருங்கல்லும் அதன் இனப் பாறைகளும். அவற்றிலுள்ள சில கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. நீர் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு காலம் பாறையோடு உறவாடுகிறதோ அதற்கேற்பக் கரைவதும் கூடக்கூடும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5 மில்லிகிராம்தான். பல் உருவாகும் பருவத்தில் இந்த அளவுக்கு மேல் தொடர்ந்து குடித்தால் பல்லின் எனாமலில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறையும் தோன்றும். மிக அதிக அளவில் பல்லாண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். இவ்வளவு போதும், மற்றவை கேள்வியாக வரும்போது சொன்னால் நிற்கும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் மிஞ்சும் நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். நீங்கள் வாயால் சொன்னால் இது ஒரு வரித் தகவல். இரண்டு லிட்டரை ஒரு லிட்டராகச் சுண்டவைத்து, அளவு ஏறத்தாழ இரு மடங்காகியிருப்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டால், அன்று மாலையே வீட்டில் அம்மாவிடம் வாதாடத் தொடங்கிவிடுவார்கள்.

கடையில் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் போதாதா?

போதாது. பேனாவைப் போன்ற அந்தக் கருவி நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை (அதுதான் டிடிஎஸ்) மதிப்பிட்டுக் காட்டுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. லிட்டருக்கு 600 மில்லிகிராம் மொத்த உப்பு இருக்கும் நீரில், ஃபுளோரைடு அரை மில்லிகிராமாக இருந்தாலும் மூன்று மில்லிகிராமாக இருந்தாலும் மீட்டரில் வேறுபாடு தெரியாது. இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. கால்சியம் மிகுந்த கடின நீரில் ஃபுளோரைடு பெரும்பாலும் அதிகம் கரைந்து நிற்பதில்லை, ஏனெனில் கால்சியம் ஃபுளோரைடு எளிதில் கரையாத உப்பு. சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து கால்சியம் குறைந்த, வாய்க்கு மென்மையாகத் தெரியும் நீரில்தான் அது கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. சோப்பு நன்றாக நுரைப்பதால் நல்ல தண்ணீர் என்று ஊரார் நம்பும் கிணறே சந்தேகத்துக்குரியதாக இருக்கலாம் என்ற எண்ணம் மாணவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது.

மீட்டரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதிரிக்கும் டிடிஎஸ் அளவையும் குறித்துக்கொண்டு, பின்னர் வரைபடத்தாளில் இரண்டையும் புள்ளிகளாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தால் அதுவும் ஒரு முடிவுதான்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நல்ல கருவிகள் இருக்கின்றன. மாதிரிகளை வாங்கி வந்து நாங்களே அளந்து கொடுத்தால் என்ன?

நாங்கள் முதல் ஆண்டு செய்த தவறு இதுதான். ஃபுளோரைடை மட்டும் உணரும் மின்முனை எங்கள் துறையில் இருந்தது. மாதிரிகளை ஒரு பையில் கொண்டு வந்து, ஒரே பிற்பகலில் அளந்து, இரண்டு தசமத் துல்லியத்துடன் அட்டவணை போட்டுக் கொடுத்தோம். பிள்ளைகள் அதை அழகாக சார்ட்டில் எழுதினார்கள். மாவட்ட மாநாட்டில் மதிப்பீட்டாளர், ‘இந்த அளவை எதைக் கொண்டு எடுத்தீர்கள்?’ என்று கேட்டார். மாணவன் கருவியின் பெயரைச் சரியாகச் சொன்னான். ‘அந்தக் கருவிக்கு ஃபுளோரைடு எப்படித் தெரிகிறது?’ என்பது இரண்டாவது கேள்வி. மாணவன் திரும்பி, அரங்கின் பின்புறம் நின்றிருந்த எங்களைப் பார்த்தான். மதிப்பீட்டாளரும் எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு எங்கள் முறையை மாற்றிக்கொண்டோம்.

இப்போது அளவெடுப்பது முழுக்க மாணவர்களே. நிறத்தை ஒப்பிட்டு அளவு சொல்லும் எளிய பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்துகிறார்கள். சிர்கோனியமும் அலிசரினும் சேர்ந்த அதன் வினைபொருள் இளஞ்சிவப்பாக இருக்கும். ஃபுளோரைடு கூடக் கூட மஞ்சளை நோக்கி மாறும். அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிட்டு அளவைச் சொல்ல வேண்டும். இதில் துல்லியம் குறைவு. ஆனால் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஃபுளோரைடு சிர்கோனியத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் சிவப்பு கலைகிறது என்று பதினொன்றாம் வகுப்பு மாணவரால் தன் சொற்களில் விளக்க முடிகிறது. வினைபொருளில் அமிலம் இருப்பதால் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

கல்லூரி ஆய்வகத்துக்கு அதன் பிறகுதான் வேலை. சோடியம் ஃபுளோரைடு நச்சுப்பொருள். அதைப் பள்ளிக்குக் கொண்டு போகவே கூடாது. கல்லூரியில் 221 மில்லிகிராம் எடுத்து ஒரு லிட்டர் வாலைவடிநீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள கரைசல் கிடைக்கும். ஏன் 221 என்பதை மாணவர்களே மூலக்கூறு எடையிலிருந்து கணக்கிட்டுவிடுவார்கள்: 42ஐ 19ஆல் வகுத்தால் 2.21. அதை நீர்த்து, அளவு தெரிந்த கரைசல்கள் சிலவற்றைப் பிளாஸ்டிக் புட்டிகளில் நிரப்பி, எண்ணை மட்டும் எழுதி அனுப்புகிறோம். கண்ணாடிப் புட்டி வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். ஊர் மாதிரிகளோடு இந்தப் புட்டிகளையும் கலந்து வைத்து, ஒரு மாணவர் வினைபொருள் சேர்க்க, எந்தப் புட்டி எது என்று அறியாத இன்னொருவர் நிறத்தைப் படிக்கிறார். இவ்வாறு ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று முறை. கடைசியாக, சில மாதிரிகளை மட்டும் மின்முனையால் அளந்து காட்டுகிறோம், அதுவும் அவர்கள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து பக்கத்தில் நிற்கும்போது. இரண்டு முறைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை அறிக்கையில் ஒளிக்காமல் எழுதுகிறார்கள். ‘எங்கள் அளவு இவ்வளவு முன்பின் இருக்கலாம்’ என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தானாகச் சொல்லும்போது, மதிப்பீட்டாளரின் பேனா சற்று நிற்பதைப் பார்த்திருக்கிறோம்.

அளவு தெரிந்த கரைசல்களை இடையில் கலந்து வைப்பது இன்னொரு வகையிலும் எங்களைக் காப்பாற்றியது. ஒரு சனிக்கிழமை எல்லாப் புட்டிகளும் ஒரே அளவைக் காட்டின. எங்கள் கரைசல்களும் அவ்வாறே காட்டியதால், தவறு தண்ணீரில் இல்லை என்று தெரிந்தது. நிற அட்டையை யாரோ சன்னலோரம் வைத்ததில் அது வெயிலில் வெளிறியிருந்தது.

மாணவர்கள் மற்ற பிள்ளைகளின் பற்களைப் பார்த்துக் கணக்கெடுக்கலாமா?

இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது, ஏனெனில் தண்ணீரில் அளந்ததைப் பல்லில் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை இயல்பானது. எங்கள் பதில் ‘அவசரப்பட வேண்டாம்’ என்பது. அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது அறிவியல் காரணம். எனாமல் உருவாவது சிறு வயதில். நிரந்தரப் பற்களில் பெரும்பாலானவற்றின் எனாமல் எட்டு வயதுக்குள் உருவாகிவிடுகிறது. ஆகவே பதினைந்து வயது மாணவரின் பல்லில் தெரிவது இன்றைய குழாய் நீர் அன்று; அவர் மழலைப் பருவத்தில் குடித்த நீர். எங்கள் மாவட்டத்தில் இந்த வேறுபாடு பெரிது. ஜப்பானிய நிதியுதவியுடன் அமைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் வரும் பல், எலும்புப் பாதிப்பு) தணிப்புத் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் வரத் தொடங்கியது. ஒரே வீட்டில் அதற்கு முன் பிறந்த அண்ணனும் அதற்குப் பின் பிறந்த தம்பியும் வெவ்வேறு நீரில் வளர்ந்தவர்களாக இருக்கலாம். குடும்பம் பெங்களூருவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். இவற்றைக் கேட்காமல் இன்றைய நீரையும் இன்றைய பல்லையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எழுதினால் அது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். போதாக்குறைக்கு, எல்லாக் கறையும் ஃபுளோரைடு கறை அன்று. வெற்றிலை, புகையிலை, சில மருந்துகள், இரும்பு மிகுந்த நீர் என்று வேறு காரணங்களும் உண்டு. 1930களில் டிரெண்ட்லி டீன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வகுத்த தரவரிசையை இன்றும் பயன்படுத்துகிறார்கள் என்றாலும், அதைப் படிக்கப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். வேதியியல் மாணவர்களான எங்களுக்கு அந்தக் கண் இல்லை.

இரண்டாவது காரணம் மனிதரைப் பற்றியது. கறைப்பல் உள்ள பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். திருமணப் பேச்சு வரை அது ஒரு குறையாகப் பேசப்படும் ஊர்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட பிள்ளையை வகுப்பில் எழுப்பி, வாயைத் திறக்கச் சொல்லி, கைபேசியில் படமெடுத்து சார்ட்டில் ஒட்டுவதை எந்த ஆய்வும் நியாயப்படுத்தாது. இதைச் செய்தே ஆக வேண்டும் என்றால், தலைமை ஆசிரியரின் எழுத்து அனுமதி, பெற்றோரின் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம் ஆகிய மூன்றும் பெற்று, ஒரு பல் மருத்துவரை அழைத்து, தனி அறையில், பெயரின்றி எண்ணாக மட்டும் பதிவு செய்ய வேண்டும். எங்கள் குழு இரண்டு ஆண்டுகளும் இதை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக, வீட்டுக்கு வீடு ‘எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள், எந்த ஆண்டு முதல்?’ என்று மட்டும் கேட்டார்கள். அதிலேயே ஓர் அறிக்கைக்குப் போதிய செய்தி இருந்தது.

தெருக்குழாயில் மாதிரி எடுக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

குழாயில் வருவது ஒகேனக்கல் நீரா, ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரா, இரண்டும் மேல்நிலைத் தொட்டியில் கலந்ததா என்பதைத் தொட்டி இயக்குபவரிடம் அன்றன்றைக்குக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், இடம், மழை பெய்ததா என்பவையும் வேண்டும். சில நிமிடம் நீரைத் திறந்துவிட்டு, புட்டியை அதே நீரால் மும்முறை அலசிய பிறகே நிரப்ப வேண்டும். ஊர்க் கிணறு ஒன்றில் மாதிரி எடுக்க உரிமையாளரின் அனுமதி தேவை. அதைக் கேட்பது மாணவர்களின் வேலை.

அளந்ததோடு நிறுத்தாமல் ஒரு வடிகட்டி செய்து காட்டினால் மதிப்பெண் கூடுமே?

தீர்வுக்கான முயற்சியையும் மதிப்பீட்டில் கருதுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் மூன்று மாதத்தில் பாதியை வடிகட்டிக்குக் கொடுத்தால் அளவெடுப்பு அரைகுறையாகிவிடும். முருங்கை விதைப் பொடியையும் தேத்தாங்கொட்டையையும் பிள்ளைகள் ஆவலோடு கொண்டு வருவார்கள். இரண்டும் கலங்கலைத் தெளியவைப்பவை; கலங்கல் தெளிவதும் கரைந்த ஃபுளோரைடு நீங்குவதும் வேறு வேறு என்பதை அளந்து பார்த்தே தெரிந்துகொள்ளட்டும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடை அகற்றும் நலகொண்டா முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. அதை ஒரு வாளியில் முயன்று, முன்னும் பின்னும் அளப்பது பள்ளி அளவில் முடியக்கூடிய வேலை. அந்த நீரை யாரும் குடித்துப் பார்க்கக் கூடாது, அலுமினியம் மிஞ்சியிருக்கலாம்.

நாட்குறிப்பை எப்படி எழுத வேண்டும்?

அன்றன்றைக்கு, பேனாவால், அழிக்காமல். தவறானதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம். மாநாட்டுக்கு முந்தின வாரம் புது நோட்டில் அழகான கையெழுத்தில் ‘படியெடுத்து’ வரும் நாட்குறிப்பை மதிப்பீட்டாளர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லாப் பக்கங்களும் ஒரே மையில் இருக்கும். எங்கள் குழுவின் நோட்டில் தேநீர்க் கறையும், ‘நாய் துரத்தியதால் மாதிரி 14 எடுக்கவில்லை’ என்ற வரியும் இருந்தன. அந்த வரியைப் படித்துத்தான் மதிப்பீட்டாளர் முதன்முறையாகச் சிரித்தார்.

ஆய்வறிக்கையை நாங்கள் எழுதித் தரலாமா? ஆங்கிலத்தில் இருக்க வேண்டுமா?

எழுதித் தரக் கூடாது. படித்துப் பார்த்து, புரியாத இடத்தில் ‘இது எனக்குப் புரியவில்லை’ என்று ஓரத்தில் குறிப்பெழுதலாம். மாவட்ட மாநாட்டில் தமிழிலேயே எழுதலாம், பேசலாம். தேசிய மாநாட்டிலும் தாய்மொழியில் பேச இடமுண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் தேசிய அளவுக்கு எளிதாகப் போகலாம் என்ற நம்பிக்கை பள்ளிகளில் பரவலாக இருக்கிறது. ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த பிள்ளை கேள்வி நேரத்தில் ஊமையாகிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

பேச்சுப் பயிற்சி எப்படித் தர வேண்டும்?

முன்வைக்க எட்டு நிமிடம்தான் கிடைக்கும். மாணவர்கள் முதலில் எழுதும் உரையில் ஐந்து நிமிடம் ‘நீரின்றி அமையாது உலகு’ என்பதற்கே போய்விடும். வள்ளுவரை வெட்டச் சொல்வது எங்களுக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் சொன்னதை அங்கிருக்கும் எல்லாரும் அறிவார்கள், உங்கள் தெருக் கிணற்றைப் பற்றி ஒருவரும் அறியார். பயிற்சியில் பேச்சைவிடக் கேள்விகளுக்கே அதிக நேரம் கொடுங்கள். வேதியியல் தெரியாத நண்பர் ஒருவரை அழைத்து வந்து கேட்கச் சொல்லுங்கள். அவர் கேட்கும் எளிய கேள்விகள்தான் தடுமாற வைப்பவை. ‘தெரியவில்லை, அதை நாங்கள் அளக்கவில்லை’ என்று சொல்லவும் பயிற்சி தேவைப்படுகிறது.

பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு? பெண் பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பத் தயங்குகிறார்களே?

அவர்கள் தயங்குவது சரிதான். முன்பின் தெரியாத கல்லூரி மாணவர்களுடன் தங்கள் பெண்ணை ஊர் சுற்ற அனுப்ப வேண்டிய கட்டாயம் எந்தப் பெற்றோருக்கும் இல்லை. எங்கள் வழக்கம் இது: களப்பணி பகலில் மட்டும், எப்போதும் எங்களில் இருவர், அவர்களில் ஒருவர் பெண், ஆசிரியரோ ஒரு பெற்றோரோ உடன் வர வேண்டும், மாணவர்களின் கைபேசிக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, ஆசிரியர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மட்டுமே பேச வேண்டும். களப்பணி தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோரின் வீடுகளுக்கே ஆசிரியருடன் போய் அறிமுகம் செய்துகொண்டோம். ஒரு வீட்டில் தந்தை கடைசிவரை சம்மதிக்கவில்லை. அந்தப் பெண் பள்ளியிலேயே இருந்து நிறம் படிக்கும் வேலையை ஏற்றாள்; குழுவில் மிக நம்பகமான கண் அவளுடையதாக இருந்தது.

செலவை யார் ஏற்பது?

பரிசோதனைப் பெட்டி, புட்டிகள், சார்ட் தாள், பேருந்துக் கட்டணம் என்று பெரிதாக ஆகாது. எங்கள் துறை ஒரு பகுதியும் பள்ளி ஒரு பகுதியும் ஏற்றன. மாணவர்களிடம் வாங்கக் கூடாது. வாங்கினால் வர முடியாமல் போகும் பிள்ளைதான் பெரும்பாலும் போர் தண்ணீர் குடிக்கும் பிள்ளை. வசதியற்ற சூழலிலிருந்து வரும் குழுவுக்கு அதைக் கருதி மதிப்பிடும் வழக்கமும் மாநாட்டில் உண்டு. ஆகவே அச்சிட்ட பளபளப்பான பதாகைக்குப் பணம் செலவிட வேண்டாம்.

எங்களுக்குச் செமஸ்டர் தேர்வு, அவர்களுக்குக் காலாண்டுத் தேர்வு. நேரம் எப்படிப் போதும்?

ஜூலையில் தொடங்கினால் போதும். செப்டம்பரில் தொடங்கினால் போதாது. காலாண்டுத் தேர்வுக்கு முன் மாதிரிகள் எடுத்து முடித்து, விடுமுறையில் கணக்கும் வரைபடமும், அக்டோபரில் அறிக்கை என்று வைத்துக்கொள்கிறோம். நவம்பரில் எங்களால் வர முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

குழு அடுத்த படிக்குத் தேர்வாகாவிட்டால் மாணவர்களிடம் என்ன சொல்வது?

அன்று எதுவும் சொல்ல வேண்டாம். பேருந்து நிலையத்தில் பரோட்டா வாங்கிக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து மதிப்பீட்டாளர் எழுப்பிய கேள்விகளை எடுத்து வைத்துப் பேசலாம்.

ஆய்வின் முடிவை ஊராருக்கும் ஊராட்சிக்கும் சொல்லலாமா?

சொல்ல வேண்டும், ஆனால் சொல்லும் விதத்தில் கவனம் தேவை. ஒரு கிணற்றில் அளவு மிகுதி என்று தெரிந்தவுடன் மாணவர்கள் அதன் மேல் ‘குடிக்காதீர்’ என்று எழுதப் புறப்பட்டார்கள்; தடுத்தோம். பள்ளிப் பெட்டியால் எடுத்த அளவு ஓர் எச்சரிக்கை மட்டுமே. முறையான பரிசோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டம் நம் காலஅட்டவணைக்குப் பொருந்தி வருவதால் அங்கே ஒரு மனுவாகக் கொடுக்கலாம். அளவுகள், அவற்றை எந்த முறையில் எடுத்தோம், எவ்வளவு முன்பின் இருக்கலாம், எந்தெந்தக் கிணறுகளை வாரிய ஆய்வகம் சோதிக்க வேண்டும் என்று கோருகிறோம் ஆகியவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். கிணற்று உரிமையாளரிடம் கூட்டத்துக்கு முன்பே போய்ச் சொல்லிவிட வேண்டும். சபையில் முதன்முறை கேட்டால் அவர் சண்டைக்கு வருவார், அதில் தவறும் இல்லை. மனுவை வாசிப்பது மாணவர்கள். நமக்குப் பின்வரிசைப் பாயில் இடம் போதும்.